4 செ.மீ. கட்டிக்குப் பாதி ஈரலை எடுக்க வேண்டுமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 57, எடை 60 கிலோ. பல வருடங்களாக ஹெபடைட்டிஸ் பி கிருமி இருக்கிறது. இப்போது கல்லீரலின் வலது பக்கத்தில் 4 செ.மீ. புற்றுநோய்க் கட்டி என்கிறார்கள். பயாப்சி எடுக்கவில்லை. வலது பாதியையே எடுக்க வேண்டுமாம். அதற்கு முன் ரத்தக்குழாயை அடைத்துவிட்டு ஐந்து வாரம் காத்திருக்க வேண்டுமாம். அதற்குள் கட்டி பெரிதாகிவிடாதா? கீழாநெல்லி கொடுக்கலாமா? ரிப்போர்ட்களை அனுப்பியிருக்கிறேன்.
- வாசகி, கும்பகோணம்

பதில்: ரிப்போர்ட்களைப் பார்த்தேன் அம்மா. சொல்லப்பட்டிருக்கும் வழி சரியானது. 'நாளைக்கே ஆபரேஷன்' என்று யாராவது சொன்னால் அங்கே போய்விட வேண்டாம்.

நாள்பட்ட ஹெபடைட்டிஸ் பி உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் சி.டி. படமே முடிவைச் சொல்லிவிடும். நல்ல ஈரல் தனக்கு வேண்டிய ரத்தத்தில் முக்கால் பங்கைக் குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாகப் பெறுகிறது. இந்தப் புற்று வளர்வதோ தமனி ரத்தத்தில். அதனால் மருந்து ஏற்றியதும் எடுத்த முதல் படத்தில் கட்டி வெள்ளையாகப் பளிச்சிடும். அடுத்த படத்தில் சுற்றியுள்ள ஈரலைவிடக் கறுத்துப்போகும். அப்பாவின் படங்களில் இரண்டுமே தெளிவாகத் தெரிகின்றன. இதற்கு மேல் ஊசி குத்தினால் ரத்தம் கசியலாம். ஊசி போன தடத்தில் புற்றுச் செல்கள் சிந்தி முளைக்கவும்கூடும்.

பாதி ஈரலை எடுக்கச் சொல்வது கட்டியின் அளவுக்காக அல்ல, அது இருக்கும் இடத்துக்காக. ஈரலில் எட்டுக் கூறுகள். கீழ் ஓரத்தில், 6-ஆம் கூறில் கட்டி இருந்திருந்தால் அந்தத் துண்டோடு முடிந்திருக்கும். இது 5-ஆம் 8-ஆம் கூறுகளுக்கு நடுவே, வலது போர்ட்டல் கிளையை ஒட்டிக்கொண்டிருக்கிறது. கட்டியோடு அந்தக் கிளையையும் சேர்த்து எடுக்க வேண்டும். அப்போது அது ஊட்டும் வலது பக்கத்தை விட்டுவைக்க முடியாது. ஊசி வழியே சூடு வைத்துப் பொசுக்கும் முறையும் இங்கே ஒத்துவராது. 3 செ.மீ.க்குள் இருந்தால்தான் அதை நம்பலாம். பக்கத்தில் ஓடும் ரத்தம் சூட்டைக் கொண்டுபோய்விடும், பித்தக்குழாயும் வெந்துபோகலாம்.

எனக்குக் கவலை எல்லாம் மிச்சம் வைக்கும் ஈரலைப் பற்றித்தான். ஆரோக்கியமான ஈரலில் 25% மிஞ்சினால் போதும். அப்பாவுடையதுபோல் தழும்பேறிய ஈரலுக்கு 40% வேண்டும். அப்பாவின் இடது பக்கம் 31% என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இந்த நிலையில் வலதை எடுத்தால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததுபோல் தெரியும். நாலைந்து நாளில் கண் மஞ்சளாகி, வயிற்றில் நீர் கோத்து, நினைவு தடுமாற ஆரம்பிக்கலாம். அப்போது திருப்பி வைக்க ஈரல் இருக்காது.

அதனால்தான் வயிற்றுத் தோல் வழியே மெல்லிய குழாய் விட்டு, வலது போர்ட்டல் கிளையைப் பசையாலோ துகள்களாலோ அடைக்கிறார்கள். குடல் ரத்தம் முழுவதும் இடது பக்கம் திரும்பும். 4 முதல் 6 வாரத்தில் அது பருக்கும். மறுபடி சி.டி. எடுத்து அளந்து பார்த்த பிறகே கத்தி வைப்பார்கள்.

கட்டி வளர்ந்துவிடுமோ என்ற உங்கள் பயம் நியாயமானது. போர்ட்டலை அடைத்ததும் வலது பக்கத்துக்குத் தமனி ரத்தம் கூடும். கட்டிக்கு அதுதான் தீனி. அதனால் முதலில் கட்டிக்குப் போகும் தமனியில் கீமோ மருந்து செலுத்தி அடைத்துவிட்டு, சில வாரம் கழித்துப் போர்ட்டலை அடைப்பதும் உண்டு. அப்பாவுக்கு அது பொருந்துமா என்று கேளுங்கள். ரிப்போர்ட்டில் அந்தப் பேச்சே இல்லை.

இடது பக்கம் 40%-ஐ எட்டுவது இருக்கட்டும், 31-லிருந்து ஐந்து புள்ளிகூட ஏறாமல் 36%-க்குக் கீழேயே நின்றால், அந்த ஈரல் அறுவையைத் தாங்காது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அப்போது கல்லீரல் மாற்றுதான் வழி. ஒற்றைக் கட்டி, 5 செ.மீ.க்குள், ரத்தக்குழாய்க்குள் நுழையவில்லை என்பதால் யாருக்குக் கல்லீரல் மாற்றலாம் என்று 1996-இல் வகுத்த மிலன் அளவுகோலுக்குள் அப்பா வருகிறார். கல்லீரல் மாற்று செய்யும் மையத்தில் இப்போதே ஒரு தடவை காட்டிவிடுங்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இதற்கு இடமுண்டு.

காமாலையைக் காட்டும் பிலிருபின் 0.9, பிளேட்லெட் 1,42,000, எண்டோஸ்கோப்பியில் உணவுக்குழாயில் ரத்தநாளப் புடைப்பு இல்லை. மூன்றும் நல்ல செய்தி. பிளேட்லெட் ஒரு லட்சத்துக்குக் கீழே இருந்திருந்தால் பாதி ஈரலை எடுக்க நான் சம்மதித்திருக்க மாட்டேன்.

கீழாநெல்லி இப்போது வேண்டாம். இந்த வாரங்களில் பிலிருபின் ஏறினால் அது அடைப்பாலா, கிருமியாலா, மருந்தாலா என்று பிரித்தறிய முடியாமல் போகும். அதைவிட முக்கியம், கிருமியை அடக்கும் டெனோஃபோவிர் அல்லது என்டெகாவிர் மாத்திரை. மருந்துச் சீட்டில் இரண்டுமே இல்லை, நாளைக்கே கேளுங்கள். தொடங்கினால் ஆபரேஷனுக்குப் பிறகும் ஒரு நாள்கூட விடக் கூடாது. கட்டி திரும்ப வருவது இந்த நோயில் சகஜம் என்பதால் முதல் இரண்டு வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனும், இந்தப் புற்றுக்கு அடையாளமாகப் பார்க்கும் ஏ.எஃப்.பி. ரத்தப் பரிசோதனையும் தேவை.

சாப்பாட்டில் நாளுக்கு 75 கிராம் புரதமாவது சேரட்டும். முட்டை, மீன், பருப்பு, தயிர் எதுவும் சரி. படுக்கும் முன் சிறிது ஏதாவது சாப்பிடட்டும். ராத்திரி முழுக்க வெறும் வயிறு ஆகாது.

அம்மாவுக்கும் உங்களுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி. பரிசோதனையும், எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனையும் செய்துவிடுங்கள். கிருமியும் இல்லை, எதிர்ப்புச் சக்தியும் இல்லை என்று வந்தவர்கள் இன்று ஒன்று, அடுத்த மாதம் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று என மூன்று தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.