சாட்ஜிபிடி பின்னால் இருந்த கென்யத் தொழிலாளர்கள்

சாட்ஜிபிடி போன்ற ஏஐ (செயற்கை நுண்ணறிவு) தானாகவே கற்றுக்கொள்கிறது என்றால் கென்யத் தொழிலாளர்கள் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். எது ஆபாசம், எது வன்முறை என்று அதற்குக் காட்டித்தர ஆள் வேண்டுமே! சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ 2021 இறுதியில் அந்த வேலையை, கென்யாவில் ஆட்களை வைத்து இப்படி வகை பிரித்துத் தரும் சாமா நிறுவனத்திடம் கொடுத்தது. சிறார் பாலியல் கொடுமை, சித்திரவதை பற்றிய பத்திகளைக்கூட அந்தத் தொழிலாளர்கள் நாள் முழுக்கப் படித்து வகை பிரித்தார்கள்.

டைம் இதழ் 2023 ஜனவரியில் வெளியிட்டபடி, ஓப்பன்ஏஐ சாமாவுக்குத் தர ஒப்புக்கொண்ட தொகை மணிக்கு 12.50 டாலர், தொழிலாளி கைக்கு வந்தது ஏறக்குறைய 1.32 முதல் 2 டாலர். மீதியில் மற்ற செலவுகளும் அடக்கம் என்றது சாமா.

கூலியைவிட மனச்சுமைதான் மோசம் என்பேன். மனநல ஆலோசனைக்கு ஏற்பாடு இருந்தும், வேலை நெருக்கடியில் அது அரிதாகவே கிடைத்ததாம். 2022-இல் சாமா ஒப்பந்தத்தை முன்கூட்டியே முடித்துக்கொண்டது. சரி, நல்லதுதானே? பலர் சம்பளம் குறைந்த வேலைக்கு மாற்றப்பட்டார்கள், சிலருக்கு வேலையே போனது.