ஒன்பது பக்கத்தை ஒரு மாதம் படிக்கலாம்

கேள்வி: கோட்பாட்டுக் கணினி அறிவியலில் எனக்கு ஆர்வம் அதிகம். ஆனால் எந்த ஆய்வுக் கட்டுரையை எடுத்தாலும் இரண்டாம் பக்கத்திலேயே நின்றுவிடுகிறேன். வீடியோ பாடங்கள் பார்க்கும்போது புரிகிறது, மறுநாள் மறந்துவிடுகிறது. ஆராய்ச்சி ப்ராஜெக்ட் எல்லாம் எனக்கு எட்டுமா?
- பி.எஸ்சி. மூன்றாம் ஆண்டு மாணவி, திண்டுக்கல்

பதில்: எட்டும். துறை முழுவதையும் படிக்க வேண்டும் என்ற எண்ணத்தை மட்டும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நான் எல்லோருக்கும் சொல்வது 2002 ஆகஸ்டில் கான்பூர் ஐ.ஐ.டி.யிலிருந்து வந்த பகா எண் சோதனையைத்தான். மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் எழுதியது, முதல் வடிவம் ஒன்பதே பக்கம். கொடுத்த எண் பகா எண்ணா என்பதுதான் கேள்வி. 100 இலக்க எண்ணை அதன் வர்க்கமூலம் வரை ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்கக் கிளம்பினால் பிரபஞ்சத்தின் வயது போதாது. மில்லர்-ராபின் சோதனை வேகமானது, ஆனால் அது குலுக்கல் முறையில் எண்களைத் தேர்ந்தெடுத்துச் சோதிப்பதால் தவறிப்போக மிகச் சிறிய வாய்ப்பு உண்டு. வேகமும் வேண்டும், துளி சந்தேகமும் கூடாது என்றால்?

சரி, பென்சிலை எடுங்கள். பாஸ்கல் முக்கோணத்தில் 5-க்கான வரிசையில் இரண்டு ஓரத்து 1-களை விட்டால் 5, 10, 10, 5, எல்லாமே 5-ஆல் வகுபடும். 6-க்கான வரிசை 6, 15, 20, 15, 6. இதில் 15 மாட்டிக்கொள்கிறது. பகா எண் என்றால் எல்லாம் வகுபடும், இல்லையென்றால் ஒன்றாவது வகுபடாது, விதிவிலக்கே கிடையாது! ஆனால் பெரிய எண்ணுக்கு அந்த வரிசையை எழுதி முடிக்க முடியாதே. n என்ற எண்ணுக்கான வரிசை என்பது (x+1)-இன் n-ஆம் அடுக்கை விரித்தால் வரும் கெழுக்கள்தான். அதனால் அந்த மூவரும், 1-க்குப் பதில் a என்ற சிறு எண்களை வைத்து, (x+a)-வின் n-ஆம் அடுக்கை முழுதாக விரிக்காமல், x-இன் r-ஆம் அடுக்கு கழித்தல் 1 என்பதால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். r எவ்வளவு சிறியதாக இருந்தால் போதும், எத்தனை a-க்களைச் சோதித்தால் போதும் என்று நிறுவுவதுதான் கட்டுரையின் உயிர். முதல் முறை படிக்கும்போது துணைத்தேற்றங்களை அப்படியே நம்பிக்கொண்டு கடைசிவரை போங்கள், அப்புறம் திரும்பி வந்து ஒவ்வொன்றாக நிறுவுங்கள். ஒரு மாதம் ஆனாலும் பரவாயில்லை.

வீடியோ பாடத்துக்கும் இதே வழிதான். பார்த்து முடித்ததும் மூடிவிட்டு, வெற்றுத்தாளில் நிரூபணத்தை எழுதிப் பாருங்கள். எங்கே கை நிற்கிறதோ அதை மட்டும் திரும்பப் பார்த்தால் போதும்.

ப்ராஜெக்ட் பற்றிக் கேட்டீர்கள். கயாலும் சக்சேனாவும் இதைத் தொட்டது பி.டெக். ப்ராஜெக்டில்தான், அந்த அறிக்கை கொடுத்த சில மாதங்களில் முடிவு வந்தது, 2006-இல் கோட்பாட்டுக் கணினி அறிவியலுக்கான கோடல் பரிசும் கிடைத்தது. நீங்கள் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, இரண்டு சோதனைகளையும் நிரலாக எழுதி ஓட்டிப் பாருங்கள். நடைமுறையில் மில்லர்-ராபின்தான் வெகு வேகமாக முடியும், அது ஏன் என்று நான்கு பக்கம் எழுதினாலே நல்ல ப்ராஜெக்ட். தரமணி கணித அறிவியல் நிறுவனத்திலும் சிறுசேரி சென்னைக் கணிதவியல் கழகத்திலும் இந்தத் துறையில் ஆய்வு செய்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு எழுதும்போது, ஆர்வம் இருக்கிறது என்பதோடு விட்டுவிடாமல், எந்தப் பக்கத்தில் எந்த வரியில் நிற்கிறீர்கள் என்று எழுதுங்கள்.