சேற்றுக்குள் ஒரு சுருள்: அம்மோனியா பேரினம் பற்றிய கேள்வி பதில்

முலுண்ட் வாசகர்: ஐயா, தாணே கழிமுகச் சேற்றைச் சலித்ததில் கிடைத்த சுருள் ஓடு, நுண்ணிய ஒற்றைச் செல் உயிரியான அம்மோனியாவுடையதுதான் என்று எப்படி உறுதி செய்வது?

பதில்: ஓட்டின் அழகில் மயங்காமல் முதலில் சுவரைப் பாருங்கள். மணல் துகள்களை ஒட்டிக் கட்டியதா, பீங்கான் போல வெளுத்து வழவழப்பானதா, கண்ணாடி போல ஒளி ஊடுருவும், நுண்துளைகள் நிறைந்த சுண்ணச் சுவரா என்று பிரித்த பிறகே அறைகளின் அமைப்புக்குப் போக வேண்டும். அம்மோனியா மூன்றாவது வகையைச் சேர்ந்தது. ஈரத் தூரிகையின் நுனியால் ஓட்டை மெல்லப் புரட்டினால் ஒரு பக்கத்தில் எல்லாச் சுற்றுகளும் தெரியும். மறுபக்கத்தில் கடைசிச் சுற்று மட்டுமே தெரியும், அதன் நடுவே தொப்புள் போன்ற பள்ளமும், பல ஓடுகளில் அப்பள்ளத்தை அடைத்த குமிழும் இருக்கும். இரு பக்கமும் ஒன்றுபோல் இருந்தால், இதே போன்ற ஓடுள்ள வேறொரு பேரினமான எல்ஃபீடியமா என்று சரிபாருங்கள்.

மாட்டுங்கா வாசகர்: அம்மோனியா வாயுவுக்கும் இதற்கும் உறவுண்டா?

பதில்: இரண்டு பெயர்களுக்கும் வேர் எகிப்தியக் கடவுள் ஆமூன். வாயுவின் பெயர் அவர் கோயிலோடு தொடர்புபடுத்தப்பட்ட உப்பிலிருந்து வந்தது. நம் உயிரியின் பெயர், அவருடைய ஆட்டுக்கடாக் கொம்பைப் போன்ற சுருளிலிருந்து வந்தது.

ஸயான் வாசகர்: பழைய நூல்களில் ரொட்டாலியா பெக்காரி என்றிருக்கிறதே?

பதில்: லின்னேயஸ் 1758இல் இதை, சுருள் ஓடுள்ள மெல்லுடலியான நாட்டிலஸோடு சேர்த்து, நாட்டிலஸ் பெக்காரி என்றே எழுதினார்; இவை ஒற்றைச் செல் உயிரிகள் என்று பிரெஞ்சு உயிரியலாளர் துஜார்தன் காட்டியது 1835இல்தான். டென்மார்க் விலங்கியலாளர் புருன்னிக் 1772இல் அம்மோனியா என்ற பேரினப் பெயரை இட்டார். லாமார்க்கின் ரொட்டாலியா 1804இல் வந்தது, அது வேறொரு பேரினம்; பழைய நூல்கள் நம் உயிரியை அதில் சேர்த்துவிட்டன. பெக்காரி என்ற சிற்றினப் பெயரோ இத்தாலியின் ரிமினிக் கடற்கரை ஓடுகளுக்கு உரியது. ஒரே பெயரில் அடக்கியவற்றுள் பல சிற்றினங்கள் கலந்திருப்பதை மரபணு ஆய்வுகள் காட்டிவிட்ட பிறகும், நம் கரையில் கிடைப்பதையெல்லாம் பெக்காரி என்று எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. ஐயமிருந்தால் பேரினத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தாராவி மாணவி: கடைசி அறை கோணலாக வளர்ந்த ஓடு ஒன்று கிடைத்தது. புதுச் சிற்றினமாக இருக்குமா ஐயா?

பதில்: அவசரம் வேண்டாம் அம்மா. உப்புத்தன்மை ஏறி இறங்கும் இடத்திலும் மாசுபட்ட நீரிலும் இப்படிக் கோணலான ஓடுகள் வளர்வதுண்டு. அதே சேற்றிலிருந்து சிறியதும் பெரியதுமாகப் பல ஓடுகளைப் பொறுக்கி, ஒவ்வொன்றையும் இரு பக்கமும் விளிம்பும் தெரியும்படி மூன்று கோணங்களில் வரையுங்கள். வரைந்த ஓடுகளைப் பத்திரப்படுத்துங்கள்; நாளை வேறொருவர் உங்கள் விவரிப்பைச் சோதிக்க அவைதான் வேண்டும்.