வாங்கும் முன் கேளுங்கள்: பழைய ராணுவத் தலைக்கவசங்கள்

கேள்வி: 1895 மாடல் பிரஷியச் சிப்பாயின் பிக்கல்ஹௌபே (உச்சியில் கூர்முனை வைத்த ஜெர்மன் தோல் தலைக்கவசம்) ஒன்றை ஏலத்தில் எடுத்தேன். கழுகுச் சின்னம் அசல்தானாம். ஆனால் அதன் பின்னால் உள்ளே நான்கு ஓட்டைகள்!

பதில்: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். சின்னமும் அசலாக இருக்கலாம், தோல் ஓடும் அசலாக இருக்கலாம். ஒன்றுக்கொன்று சொந்தமில்லை, அவ்வளவுதான். இந்தக் கலப்படத்தைத்தான் 'முழு அசல்' என்று கூசாமல் விற்கிறார்கள். சிப்பாயின் சின்னத்துக்குப் பின்புறம் இரண்டே வளையங்கள். அவை ஓட்டை வழியே உள்ளே வரும்; தோல் ஆப்பைச் செருகி இறுக்குவார்கள். அதிகாரியுடையதில் திருகும் நட்டும். வேறு சின்னத்தை மாட்டும்போது பழைய ஓட்டைகள் பொருந்தாமல் புதிதாகத் துளைப்பார்கள். உள்பட்டையைத் தூக்கி டார்ச் அடித்துப் பாருங்கள்: பழைய ஓட்டையின் ஓரம் கறுத்து மழுங்கியிருக்கும், புதியதில் வெளிர்த்தோல் தெரியும். அடுத்து, இடப்பக்க வட்டச் சின்னம். பிரஷியாவுக்குக் கறுப்பு-வெள்ளை-கறுப்பு, பவேரியாவுக்கு வெள்ளை-நீலம்-வெள்ளை. வலப்பக்கத்தில் ஜெர்மன் பேரரசின் கறுப்பு-வெள்ளை-சிவப்பு, அதுவும் 1897 முதல்தான். உள்ளே முத்திரை இருந்தால், அந்தப் படைப்பிரிவும் சின்னமும் ஒரே நாட்டுக்குரியவையா என்று பாருங்கள். என் அலமாரியிலும் இப்படி ஒரு கலப்படம் உட்கார்ந்திருக்கிறது. ஏலப் பட்டியலில் 'முழு அசல்' என்று அச்சிட்டிருந்தால் அதைக் காட்டிப் பணத்தைத் திரும்பக் கேளுங்கள்.

கேள்வி: என் பிக்கல்ஹௌபேயின் பொருத்துகள் எல்லாம் சாம்பல் நிற இரும்பு. கூர்முனை கையோடு கழன்று வருகிறது. ஒட்டவா?

பதில்: ஒட்டித் தொலைத்துவிடாதீர்கள். 1915 மாடலில் அது கழற்றுவதற்கென்றே செய்தது.

கேள்வி: முதல் உலகப்போர் பிரிட்டிஷ் பிராடி கவசம் (கவிழ்த்த கிண்ணம் போன்ற எஃகுத் தலைக்கவசம்). காந்தம் ஒட்டவே இல்லை. போலியா?

பதில்: ஒட்டாததே நல்ல அறிகுறி. அதன் கிண்ணம் ஹாட்ஃபீல்ட் எஃகு எனும் கலவை; அதில் சுமார் 12 சதவீதம் மாங்கனீஸ். காந்தம் அதை ஈர்க்காது. 1916-இல் கூர்விளிம்பை மறைக்கச் சேர்த்த மென்னெஃகுப் பட்டையில் மட்டும் ஒட்டும். கிண்ணத்திலும் ஒட்டினால், 1915-இன் ஆரம்ப மென்னெஃகுக் கவசமா, பின்னாளைய நகலா என்று விசாரியுங்கள். பெரும்பாலும் நகல்தான்.

கேள்வி: ஜெர்மன் எஃகுக் கவசத்தின் விளிம்பு மடிக்கப்படவில்லை.

பதில்: 1942 மாடல் அப்படித்தான்.

கேள்வி: தோல் கவசம் வறண்டிருக்கிறது. எண்ணெய் பூசலாமா?

பதில்: கூடாது. ஓடு தளர்ந்து வடிவம் போகும். கொழுப்பு பித்தளையில் பட்ட இடமெல்லாம் பச்சைக் களிம்பு ஏறும். உலர்ந்த மெல்லிய தூரிகை போதும்.

கேள்வி: 16ஆம் நூற்றாண்டு மோரியன் (முகம் மூடாத, விளிம்பு வைத்த இரும்புத் தலைக்கவசம்). முன்பக்கப் படம் பார்த்துப் பாதிப் பணம் அனுப்பிவிட்டேன். உள்பக்கம் எப்படி இருக்க வேண்டும்?

பதில்: பணம் அனுப்பும் முன் கேட்க வேண்டிய கேள்வி. சுத்தியால் அடித்து எழுப்பிய தகட்டின் தடிப்பு இடத்துக்கு இடம் மாறும். உள்ளே சுத்தி அடித்த தடம் தெரியும். எங்கே அளந்தாலும் ஒரே தடிப்பு என்றால் உருளையில் இழுத்த ஆலைத் தகடு. 19ஆம் நூற்றாண்டில் மியூனிக்கின் எர்ன்ஸ்ட் ஷ்மிட் பட்டறை போன்றவை நேர்த்தியான நகல்கள் செய்தன. அவற்றுக்கும் மதிப்புண்டு, 16ஆம் நூற்றாண்டு விலை இல்லை. மீதிப் பணத்தை நிறுத்தி வையுங்கள். உள்பக்கப் படமும், ஐந்து இடங்களில் அளந்த தடிப்பும் வரட்டும்.