விடியற்காலை நாலரை மணிக்கு லீஃப்ஸ் பார்க்கிறவர்களுக்கு

என் அக்கா குடும்பம் ஸ்காபரோவில் இருக்கிறது. நான் தலவாக்கலையில் இருந்துகொண்டு 2013 முதல் டொரொன்டோ மேப்பிள் லீஃப்ஸ் ஆட்டங்களை விடாமல் பார்த்து வருகிறேன். பிள்ளைகள் கனடாவுக்குப் போன வீடுகளில் இப்போது ஐஸ் ஹாக்கி பேச்சு கூடிவிட்டது. கேட்டவர்களுக்கெல்லாம் என்னால் முடிந்த பதில் இது.

அண்ணே, ஆட்டம் நம் நேரத்துக்கு எத்தனை மணிக்கு? ஒவ்வொரு தடவையும் குழம்புகிறது. (ஹட்டன், ஒரு தங்கச்சி)

டொரொன்டோவில் பெரும்பாலும் இரவு ஏழு மணிக்குத் தொடங்கும். அவர்கள் மார்ச்சில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுகிறார்கள், நவம்பரில் பின்னே இழுக்கிறார்கள். நாம் மாற்றுவதில்லை. குழப்பத்துக்குக் காரணம் அதுதான். குளிர்காலத்தில் நமக்கு விடியற்காலை ஐந்தரை, ஏப்ரலில் ப்ளே ஓஃப் (கப்புக்கான கடைசிச் சுற்றுகள்) தொடங்கும்போது நாலரை. இருபது நிமிடப் பீரியட் மூன்று, நடுவில் பதினெட்டு நிமிட இடைவேளை இரண்டு, மொத்தம் இரண்டரை மணி நேரம் போகும். நாலரை ஆட்டமென்றால் பெரட்டுக்கு (தோட்டத்துக் காலை ஆள் கணக்கெடுப்புக்கு) போகிறவர்கள் இரண்டு பீரியட் பார்த்துவிட்டுக் கிளம்பலாம்.

மூன்றாவது பீரியட்டில் நாம் இரண்டு கோல் முன்னால் இருந்தாலும் எனக்கு நெஞ்சு படபடக்கிறது. இது தேவையில்லாத பயமா அண்ணே? (பொகவந்தலாவை, ஒரு தம்பி)

தேவையான பயம்தான் தம்பி. 2013 மே மாதம், பொஸ்டனில் ஏழாவது ஆட்டம். வென்றவர் அடுத்த சுற்றுக்கு, தோற்றவர் வீட்டுக்கு. மூன்றாவது பீரியட்டில் லீஃப்ஸ் 4-1 முன்னிலை. நமக்கு அது 14ஆம் தேதி காலை. அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டு அக்காவுக்குப் போன் எடுத்தேன். "இன்னும் முடியலடா" என்று சொல்லி உடனே வைத்துவிட்டாள். பத்து நிமிடத்துக்கு மேல் மிச்சம் இருக்கும்போது பொஸ்டன் ஒன்று போட்டது. கடைசி ஒன்றரை நிமிடத்துக்குள் இன்னும் இரண்டு. 51 விநாடி மிச்சமிருக்க 4-4. ஓவர்டைமில் பொஸ்டனின் பேர்ஜெரோன் அடித்த கோலோடு எல்லாம் முடிந்தது. அடுப்பில் தண்ணீர் வற்றிப்போயிருந்ததைப் பிறகுதான் பார்த்தேன்.

எத்தனை கோல் முன்னிலை என்பதை மட்டும் பார்க்காதே. நம் ஆட்கள் பக்கை (பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டு) தங்கள் பக்கத்திலிருந்து எப்படி வெளியே எடுக்கிறார்கள் என்று பார். ஒருவருக்கொருவர் பாஸ் கொடுத்துக் கொண்டு வந்தால் நல்லது. சுவரோரமாகக் கண்ணை மூடிக்கொண்டு வீசத் தொடங்கினால், பக் மறுபடி எதிரணியிடமே போய்ச் சேரும். இன்னொன்று, ஒரு வீரர் ஐஸில் நிற்பது ஒரு தடவைக்கு 45 விநாடி அளவுதான். அதற்குமேல் கால் ஓடாது. சொந்தப் பக்கத்திலேயே மாட்டிக்கொண்டு, மாறிக்கொள்ள முடியாமல் அதே ஐந்து பேர் ஒரு நிமிடத்தைத் தாண்டி நின்றால், அப்போது பயப்படு. இரண்டாவது பீரியட்டில் அணிகள் பக்கம் மாறுவதால் வீரர்கள் உட்காரும் பெஞ்ச் நம் கோலிலிருந்து தூரமாகிவிடும். மாட்டிக்கொண்டால் அந்தப் பீரியட்டில் ஆள் மாற்றுவது இன்னும் கஷ்டம். ஓவர்டைமிலும் அதே கதை.

கடைசி நிமிடங்களில் தோற்கிற அணியின் கோலி (கோல் காப்பவர்) வெளியே ஓடிவிடுகிறாரே, ஏன்? (தலவாக்கலை, ஓய்வுபெற்ற ஆசிரியர்)

ஐயா, வழக்கமாகக் கோலியோடு சேர்த்து ஆறு பேர் ஐஸில் இருப்பார்கள். கோலியை எடுத்துவிட்டு இன்னொரு ஆட்டக்காரரை இறக்கினால், தாக்குவதற்கு ஆறு பேர் கிடைக்கிறார்கள். எதிரணி பக்கைப் பிடித்து அடித்தால் காலிக் கோல்தான், ஆனால் எப்படியும் தோற்கிற அணிக்கு அதில் இழக்க ஒன்றுமில்லை. மேலே சொன்ன பொஸ்டன் ஆட்டத்தில் கடைசி இரண்டு கோலும் இப்படி வந்தவை.

பக் கண்ணிலேயே படவில்லை. எப்படிப் பார்க்கிறீர்கள்? (பண்டாரவளை)

பக்கைத் தேட வேண்டாம், ஆட்களின் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பாருங்கள். பத்து ஆட்டத்தில் பழகிவிடும்.

அத்தான் ஒரு பக் கொண்டுவந்து தந்தார். கெட்டி ரப்பர் வட்டு, குறுக்கே மூன்று அங்குலம், தடிப்பு ஒரு அங்குலம், எடை 170 கிராம் அளவு. கிரிக்கெட் பந்தைவிடக் கொஞ்சம் கனம். சிமெண்டுத் தரையில் விளிம்பு படப் போட்டால் துள்ளி அலமாரிக்குக் கீழே ஓடியது. ஒரு இரவு ஃப்ரீஸரில் வைத்துவிட்டுப் போட்டேன், 'டக்' என்று விழுந்து பெரிதாகத் துள்ளாமல் அடங்கியது. ஆட்டத்துக்கு முன் பக்குகளை உறைய வைப்பது இதற்காகத்தான். துள்ளாமல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும்.

நுவரெலியா குளிரில் நாமும் விளையாட முடியாதா?

ஜனவரி, பெப்ரவரியில் கொழுந்தைக் கருக்குகிற உறைபனி விழும், உண்மைதான். வெயில் ஏறினால் போய்விடும். ஆடுகிற அளவு ஐஸ் தடிக்காது. இயந்திரம் வைத்து உறைய வைத்தால்தான் உண்டு.

என் மகன் ஒவ்வொரு வருஷமும் "இந்த முறை கப் நமக்குத்தான்" என்கிறான். நம்பலாமா தம்பி? (மஸ்கெலியா, ஒரு அக்கா)

அக்கா, லீஃப்ஸ் ஸ்டான்லி கப்பை, அதாவது லீக்கின் கோப்பையை, 13 முறை வென்ற அணி. கடைசியாக வென்றது 1967இல். அப்போது லீக்கில் மொத்தம் ஆறு அணிகள், இப்போது 32. கப் எடுக்க ஏழு ஆட்டத் தொடர்கள் நான்கை வெல்ல வேண்டும். 2004க்குப் பிறகு ஒரே ஒரு தொடரை வெல்லவே 2023 வரை காத்திருந்தோம். டம்பாவில் நம் டவாரெஸ் ஓவர்டைமில் கோல் போட்ட அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலை அக்காவும் நானும் போனில் பேச்சு வராமல் அழுதோம்.

2025இல் ஒட்டாவாவை வென்று, ஃபுளோரிடாவுக்கு எதிராக முதல் இரண்டு ஆட்டங்களையும் எடுத்தோம். ஆனால் முதல் ஆட்டத்திலேயே கோலி ஸ்டோலார்ஸ் அடிபட்டு வெளியேறினார், அந்தத் தொடரில் அவர் திரும்பவில்லை. ஏழாவது ஆட்டத்தில் சொந்த ஊரிலேயே 6-1 என்று தோற்றோம். ஃபுளோரிடாதான் பிறகு கப்பையும் எடுத்தது. அந்தக் கோடையில் நம் மார்னர் வேகஸ் அணிக்குப் போனார். நூறு புள்ளிக்குமேல் (கோலும் கோலுக்குக் கொடுத்த பாஸும் சேர்த்து) எடுத்த சீசன் முடிந்த கையோடு போனது எனக்கு இன்றும் வலிக்கிறது. நமக்காக மத்யூஸ் 2023-24இல் 69 கோல் போட்டவர், அவர் திறமையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ப்ளே ஓஃபில் பெரிய பெயர்களை எதிரணி மூடிவிடும். மூன்றாவது, நான்காவது வரிசை ஆட்கள் (பெரிய பெயர்களுக்குப் பிறகு மாறி இறங்குகிறவர்கள்) கோல் போடுகிற வருஷம் வரும்போது நான் உங்கள் மகன் பக்கம் நிற்பேன். அவன் நம்பட்டும் அக்கா, தடுக்காதீர்கள். தூர தேசத்தில் அந்தப் பிள்ளைக்கு ஊரோடு சேர்ந்து கத்த ஓர் இடம் கிடைத்திருக்கிறது.

பேரனுக்குப் பத்து வயது, கனடாவில் இதை விளையாடுகிறான். டீவியில் ஆளை ஆள் இடித்துத் தள்ளுவதைப் பார்த்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை ஐயா. (பதுளை, ஒரு பாட்டி)

பாட்டி, டீவியில் நீங்கள் பார்ப்பது தொழில்முறை ஆட்டம். அங்கே சிறுவர் ஆட்டத்தில் அந்த வயதில் உடம்பால் இடிப்பதற்கு அனுமதியே இல்லை. 11, 12 வயதுப் பிள்ளைகளுக்கும் 2013இலேயே நிறுத்திவிட்டார்கள். ஹெல்மெட்டோடு முகம் முழுவதும் மறைக்கும் கம்பி வலை கட்டாயம். விழுவான், எழுவான், ஐஸில் எல்லாரும் விழுவார்கள். பிள்ளைகளின் ஆட்டம் பெரும்பாலும் சனி, ஞாயிறு காலையில் இருக்கும், நமக்கு அது மாலை நேரம். அடுத்த ஆட்டத்தின்போது வீடியோ அழைப்பு எடுக்கச் சொல்லுங்கள். கோல் போட்டதும் அவன் முகத்தை நீங்களே பார்க்கலாம்.