பரு போகட்டும், முகம் இருக்கட்டும்

கேள்வி: சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலில் நடந்த என் சின்னம்மா மகள் கல்யாணத்துக்கு நான்தான் படம் எடுத்தேன். கன்னத்துப் பருக்களை மறைக்க ஒரு கைப்பேசிச் செயலியில் போட்டதும் முகம் மெழுகு பொம்மையாகிவிட்டது. "இது என் பிள்ளையே இல்லை" என்கிறார் சின்னம்மா. பருவை மட்டும் எடுக்க முடியாதா? – வாசகி, ஈசூன்

பதில்: சின்னம்மா சொல்வது சரி. இந்த மாதிரிச் செயலிகள் பெரும்பாலும் முகம் முழுவதையும் மங்கலாக்கும், பருவோடு தோலின் நுண்துளைகளும் பூனைமுடியும் சேர்ந்தே காணாமல் போகும். மூலப் படத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

போட்டோஷாப்பில் படத்துக்கு மேலே காலி லேயர் ஒன்றை, அதாவது கண்ணாடித் தாள் மாதிரி ஓர் அடுக்கைப் போட்டு, ஹீலிங் பிரஷை எடுத்து, சேம்பிள் என்ற இடத்தில் 'கரன்ட் அண்ட் பிலோ' என்று வைத்துக்கொள்ளுங்கள். காசு செலவழிக்க வேண்டாம் என்றால் ஜிம்ப் என்ற இலவச மென்பொருளிலும் ஹீல் கருவி உண்டு. படம் 100 சதவீத அளவில் இருக்கட்டும், பிரஷ் பருவைவிட ஒரு நூல் பெரிதாக இருந்தால் போதும். ஆல்ட் விசையை (ஜிம்ப்பில் கன்ட்ரோல்) அழுத்திக்கொண்டு, பக்கத்திலேயே அதே வெளிச்சம் விழும் நல்ல தோலில் ஒரு சொடுக்கு, அப்புறம் பருவின் மேல் ஒரு சொடுக்கு, அவ்வளவுதான். நல்ல தோலின் இழையை எடுத்துவந்து, நிறத்தையும் வெளிச்சத்தையும் பருவைச் சுற்றியுள்ள தோலோடு இந்தக் கருவி இணைத்துவிடுவதால் ஒட்டுப் போட்டது தெரியாது. ஆனால் பொட்டு, நெற்றிச்சுட்டி, உதட்டோரம் பக்கம் போனால் அந்தச் சிவப்பையும் இழுத்து ஈஷிவிடும். அங்கே, எடுத்த தோலை நிறம் கலக்காமல் அப்படியே நகலெடுத்து ஒட்டும் குளோன் ஸ்டாம்ப்தான் சரிப்படும்.

நம் தோலில் பரு ஆறினாலும் கறுப்புத் தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். அதை அடியோடு அழிக்காமல், தனி லேயரில் சரிசெய்து ஒப்பாசிட்டியை, அதாவது அந்த லேயர் தெரியும் அழுத்தத்தை 60, 70 சதவீதத்துக்கு இறக்குங்கள், லேசாகத் தெரியட்டும். மணப்பெண்ணே கேட்டாலொழிய மச்சத்தைத் தொடாதீர்கள். நிறத்தை மட்டும் வெளுக்கவே வெளுக்காதீர்கள். மாநிறப் பெண்ணை வெள்ளையாக்கித் தருவதை இன்னும் சிலர் சேவையாக நினைக்கிறார்கள், எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை.

கேள்வி: பாஸ்போர்ட் படத்திலும் இப்படிப் பருவை எடுக்கலாமா? – வாசகர், பிடோக்

பதில்: கூடாது. சிங்கப்பூரின் குடிநுழைவு ஆணையம் கேட்பது திருத்தப்படாத முகத்தை, அதுவும் கடந்த 3 மாதத்துக்குள் எடுத்ததை. பரு இருந்தால் இருக்கட்டும், நெற்றியில் எண்ணெய் மினுக்கம் இல்லாமல் துடைத்துவிட்டு உட்காருங்கள். அவசரமில்லை என்றால் பரு ஆறிய பிறகு எடுத்துக்கொள்ளலாம்.