சின்ன சர்க்யூட் போர்டை ஆடாமல் வைத்து சால்டர் செய்வது எப்படி?

தபால்தலை அளவு போர்டு, சால்டரிங் அயர்ன் பட்டாலே வழுக்கி ஓடுகிறது, வைஸ் (பொருளை இறுக்கிப் பிடிக்கிற கருவி) வாங்காமல் ஏதாவது வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. நானும் இதுவரை வைஸ் வாங்கவில்லை.

எல்லோரும் முதலில் வாங்குவதைத்தான் நானும் வாங்கினேன்: இரும்பு அடித்தட்டு, இரண்டு பக்கமும் முதலைவாய் கிளிப், நடுவில் பூதக்கண்ணாடி. திருகை எவ்வளவு இறுக்கினாலும், அயர்னை வைத்து லேசாக அழுத்தியதும் போர்டு கும்பிடு போட்டுவிடும். போதாததற்கு கிளிப்பின் பல் போர்டின் பச்சைப் பூச்சைக் கீறிவிட்டது. இப்போது அதில் பூதக்கண்ணாடி மட்டும்தான் உபயோகத்தில் இருக்கிறது, ரெசிஸ்டரின் கலர் பட்டை பார்க்க.

போர்டை அந்தரத்தில் தொங்கவிடாமல் மேசையோடு படிய வைத்தாலே பாதி ஆட்டம் நின்றுவிடும். நோஸ் பிளேயரின் இரண்டு பிடியையும் சேர்த்து ரப்பர் பேண்டை நாலு சுற்று சுற்றுங்கள், வாய் தானாக இறுகிக்கொள்ளும். அதில் போர்டின் ஓரத்தைக் கவ்வவிட்டு, பிளேயரை ஒரு டைல்ஸ் துண்டின் மேல் படுக்கப் போடுங்கள். பிளேயரின் கனமே போதும். வாய்க்குள் பழைய விசிட்டிங் கார்டை மடித்து வைத்தால் கீறலும் விழாது. ஓரம் வரைக்கும் பார்ட்ஸ் இருக்கிற போர்டு என்றால் சுவரில் போஸ்டர் ஒட்டுகிற புளூடாக்கை உருட்டி அடியில் வைத்து அழுத்திவிடுவேன். சூட்டில் கொஞ்சம் இளகும், அதனால் அயர்ன் படுகிற இடத்துக்கு நேர் கீழே மட்டும் வைக்காதீர்கள்.

ஆனால் போர்டைப் பிடிப்பது பாதிக் கதைதான். அயர்ன், ஈயக் கம்பி, ஒயர், போர்டு என்று பொருள் நாலு, கையோ இரண்டு. சில மெக்கானிக்குகள் ஈயக் கம்பியைப் பல்லில் கடித்துக்கொண்டு வேலை பார்ப்பார்கள். 60/40 கம்பி என்றால் 60 சதவீதம் வெள்ளீயம் (டின்), 40 சதவீதம் காரீயம் (லெட்) என்கிற விஷ உலோகம், தயவுசெய்து அது வேண்டாம். டிபி4056 என்கிற சின்ன பேட்டரி சார்ஜிங் போர்டுக்கு ஒயர் வைப்பதாக வைத்துக்கொள்வோம். முதலில் பேடில் (ஒயரை ஒட்டுவதற்குப் போர்டில் இருக்கிற உலோகப் பரப்பு) மட்டும் ஒரு சொட்டு ஈயம் வையுங்கள். அப்புறம் ஒயரின் நுனியை முறுக்கி அதற்கும் ஈயம் பூசுங்கள். பிறகு ஒயரைப் பேடின் மேல் வைத்து அயர்னால் தொட்டால் இரண்டு ஈயமும் உருகி ஒன்றாகிவிடும். அந்த நேரத்தில் கம்பி கையில் இருக்கத் தேவையே இல்லை.

அயர்னை எடுத்த பிறகு இரண்டு மூன்று விநாடி கை அசையக் கூடாது. 60/40 ஈயம் ஏறக்குறைய 190 டிகிரியில் இறுக ஆரம்பித்து 183-இல்தான் முழுக்க கெட்டியாகும், நடுவில் கூழ் மாதிரி இருக்கும். அப்போது ஆடினால் ஜாயிண்ட் மங்கலாக, பொரிபொரியாக நிற்கும். 63/37 கம்பிக்கு இந்தக் கூழ் நிலை கிடையாது, 183-இல் நேராகக் கெட்டியாகிவிடும். கை நடுங்குகிறவர்கள் அதையே கேட்டு வாங்கலாம். நான் இப்படி ஆட்டிவிட்ட ஒரு ஜாயிண்ட்டால் வீட்டு எமர்ஜென்சி லைட் ஒரு மாதம் தட்டினால்தான் எரிந்தது. நான் பேட்டரியைச் சந்தேகப்பட்டு புதிது வாங்கிப் போட்டேன்!

ஆர்டுயினோ நானோ மாதிரி சின்ன கன்ட்ரோலர் போர்டுக்கு ஊசி போன்ற பின் (pin) வரிசையை சால்டர் வைப்பதாக இருந்தால் பிளேயரே வேண்டாம். பின்களைப் பழைய பிரெட்போர்டில் (சால்டர் இல்லாமல் பார்ட்ஸ் செருகிப் பார்க்கிற ஓட்டைப் பலகை) செருகி, மேலே போர்டை உட்கார வையுங்கள். நேராக நிற்கும். மூலைப் பின்களை முதலில் வைத்துவிட்டு, ஒரே பக்கமாகப் போகாமல் மாற்றி மாற்றி வாருங்கள். ஒரே இடத்தில் சூடு ஏறினால் பின்னைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் இளகிப் பின் சாய்ந்துவிடும். பழைய பிரெட்போர்டு என்று சொன்னது ஏனென்றால், என் புது பிரெட்போர்டில் இப்போது இரண்டு வரிசை ஓட்டைகள் லூஸ்.